பின்போல் பிளிப்பர் டிரான்சிஸ்டர் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

உப்புவெளி வாசி:

கடற்கரைப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதி. சுவிசில் இருந்து திரும்பி வந்தவர் நடத்துகிறார். கொள்கலனில் வீட்டுச் சாமான்களோடு ஒரு பின்போல் மெஷினும் வந்தது, பட்டனை அழுத்தினால் பிளிப்பர் என்ற தட்டு எழும்பிப் பந்தை அடிக்கும் விளையாட்டு மெஷின். வில்லியம்ஸ் கம்பனியுடையது, பிளிப்பர்களை இயக்கும் பிளிப்ரொனிக் போர்ட் உள்ளது. வலது பிளிப்பரின் ஹோல்ட் டிரான்சிஸ்டரை, அதாவது எழும்பிய பிளிப்பரைப் பிடித்து வைப்பதை, ஏற்கனவே வேறு ஒருவர் மாற்றிக் கொடுத்தும் திரும்பவும் போய்விட்டது என்று என்னைக் கூப்பிட்டார்.

பட்டனை அழுத்தினேன், பிளிப்பர் எழும்பியது. விரலை எடுத்தேன், இறங்கவில்லை. மெயின் சுவிட்சை நிறுத்தியதும் டக்கென்று விழுந்தது. சரி, இறுக்கம் எதுவும் இல்லை, கறண்ட்தான் பிடித்து வைத்திருக்கிறது. அந்த டிரான்சிஸ்டர் டிஐபி102. அதன் எமிட்டர் காலுக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையில் மீற்றரை எப்படி மாற்றி வைத்தாலும் பூச்சியம்தான். சோர்ட்.

இதுவரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். என்னை விடாமல் இருப்பது அதற்குப் பிறகு நடந்தது. விளையாட்டுப் பலகையைத் தூக்கி, பிளிப்பரை இழுக்கும் கொயிலின் காதுகளை, அதாவது ஈயம் வைக்கும் முனைகளைப் பார்த்தேன். டயோட் இரண்டும் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. மீற்றரும் குறை சொல்லவில்லை. கொயில் குறுக்கே இருக்கிறதே, மீற்றர் கொயிலைத்தானே காட்டும்! ஊசிமூக்குக் குறட்டால் ஒரு டயோட்டை மெல்லத் தொட்டேன். கால் ஈயத்தில் இருந்து கழன்று ஆடியது. உள்ளே முழுக்கக் கறல். எவ்வளவு காலமாக அப்படித் தொட்டும் தொடாமலும் நின்றதோ தெரியாது. கொயில் ஒவ்வொரு முறை அணையும்போதும் எழும்புகிற மறு வோல்டேஜ் நேராக டிரான்சிஸ்டரின் தலையில் போய் இறங்கியிருக்கிறது. டிஐபி102 தாங்குவது 100 வோல்ட். எத்தனை புதுசு போட்டாலும் நிற்காது.

டிரான்சிஸ்டரை மாற்றுகிறவர்கள் அதைச் சாகடித்தது எது என்று ஏன் தேடுவதில்லை? காசு வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மட்டிக்களி 80:

அண்ணா, நீங்கள் சொல்வது சரி. ஆனால் பிளிப்பர் என்றாலே எல்லோரும் டிரான்சிஸ்டருக்கு ஓடுகிறீர்கள். எண்ட்-ஒஃப்-ஸ்ட்ரோக் சுவிட்ச் என்று ஒன்று இருக்கிறது, பிளிப்பர் உச்சிக்குப் போனதும் மாறுகிற சுவிட்ச்.

பிரான்சில் இருந்து மாமா கொண்டு வந்தது 80களின் மெஷின். பிளிப்பர் பாதி தூரம்தான் போகும், பந்து மேலே ஏறாது. இரவு எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு, பலகையைத் தூக்கி வைத்து, மச்சானை பட்டன் அழுத்தச் சொன்னேன். சுவிட்ச் முனையில் நீல நிறத்தில் ஒரு பொறி, ஒவ்வொரு அழுத்தத்துக்கும். முனைகள் கரி பிடித்துக் கறுத்துப்போய் இருந்தன. அரத்தால் மெதுவாக இழுத்துத் துடைத்தேன். அடுத்த அழுத்தத்தில் பிளிப்பர் அடித்த சத்தம் இப்பவும் காதில் நிற்கிறது. அந்த மெஷினில் பிளிப்பர் பாதையில் டிரான்சிஸ்டரே கிடையாது. ஒரு ரிலே, பட்டன் சுவிட்ச், எண்ட்-ஒஃப்-ஸ்ட்ரோக், அவ்வளவுதான். அதனால் எல்லோரும் முதலில் சுவிட்சுக்கு அரம் போடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

உவர்மலை எலக்ட்ரோனிக்ஸ்:

தம்பி மட்டிக்களி, உங்கள் மெஷினுக்கு நீங்கள் செய்தது சரி. ஆனால் "எல்லோரும் அரம் போடுங்கள்" என்று எழுதாதீர்கள். இதை வாசித்துவிட்டு யாராவது பிளிப்ரொனிக் மெஷினில் அரம் போட்டால் சுவிட்ச் போய்விடும்.

உங்கள் பழைய மெஷினில் அந்தச் சுவிட்ச் மூடியபடி இருக்கும், பிளிப்பர் உச்சிக்குப் போனதும் திறக்கும். கொயிலின் முழு ஓட்டமும் அதற்குள்ளால் போவதால் தடித்த, கடினமான முனை வைத்திருப்பார்கள், அரம் தாங்கும். 1992 இல் வில்லியம்ஸ் பிளிப்ரொனிக்கைக் கொண்டு வந்தபோது இதைத் தலைகீழாக மாற்றினார்கள். அதில் சுவிட்ச் திறந்திருக்கும், உச்சியில் மூடும். "வந்து சேர்ந்தது" என்று போர்ட்டுக்குச் சொல்வது மட்டும்தான் அதன் வேலை. சின்ன வோல்டேஜ், தங்கப் பூச்சு முனை. அரம் பட்டால் பூச்சு உரிந்துவிடும். தடித்த சுத்தமான கடதாசித் துண்டை முனைகளுக்கு நடுவே வைத்து இழுத்தால் போதும். அந்தச் சுவிட்ச் வேலை செய்யாமல் போனாலும் மென்பொருள் நேரம் பார்த்து, பிளிப்பரைப் பலமாக எழுப்புகிற பவர் பக்கத்தை நிறுத்திவிடும், கொயில் எரியாது.

இன்னொன்றும் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும் தெரிந்திருக்க வேண்டும். கொயிலுக்குள் இரண்டு சுருள். எஃப்எல்-15411 என்றால் பவர் சுருள் ஏறக்குறைய 4.2 ஓம், ஹோல்ட் சுருள் 145 ஓம். புது டிரான்சிஸ்டர் போடுவதற்கு முன் இதைக் கட்டாயம் அளவுங்கள். வயரையும் டயோட்டின் ஒரு காலையும் கழற்றிவிட்டு அளவுங்கள். பவர் பக்கம் 2 ஓமுக்குக் கீழே காட்டினால் சுருள் உள்ளுக்குள் ஒட்டிவிட்டது, அந்தக் கொயிலோடு எந்த டிரான்சிஸ்டரும் வாழாது. பவர் பக்கத்தில் இருப்பது டிஐபி36சி, ஹோல்ட் பக்கத்தில் டிஐபி102. முதலாவது பிஎன்பி, மற்றது அதற்கு எதிர் வகையான என்பிஎன் டார்லிங்டன். ஆகவே மீற்றர் முனையும் மாறும். 102 க்குத் தகட்டில் கறுப்பு, வெளிக் கால்களில் சிவப்பு, மீற்றரை டயோட் அளவில் வைத்தால் இரண்டிலும் 0.4 முதல் 0.6 வோல்ட் வரை. 36சி க்குத் தகட்டில் சிவப்பு, பேஸ் காலில் கறுப்பு, ஏறக்குறைய அதே அளவு. போர்ட்டில் இருக்கும்போது சுற்றியுள்ள பாகங்கள் அளவைக் கொஞ்சம் மாற்றும். சந்தேகம் என்றால் பக்கத்துப் பிளிப்பரின் டிரான்சிஸ்டரை அளந்து ஒப்பிடுங்கள், அதைவிட நல்ல அளவுகோல் இல்லை. பவர் பக்கம் சோர்ட் ஆனால் மெஷினைப் போட்ட கையோடு பிளிப்பர் பலமாக அடித்து நிற்கும், பியூஸ் போகும். அந்த நேரத்தில் பெரிய பியூஸ் போடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். கொயில் எரிந்து பலகையும் கருகும். செய்யாதீர்கள்.

என் அனுபவம் சின்னது. கொழும்பில் இருந்து வாங்கிய 36சி ஒன்று, போட்ட அன்றைக்கே போய்விட்டது. கொயில் சரி, டயோட் சரி. மனம் ஆறவில்லை. செத்ததையும் பழைய அசலையும் எடுத்து இரும்பறுக்கும் வாளால் இரண்டையும் திறந்தேன். அசலுக்குள் இருந்த சிலிக்கன் துண்டின் கால்வாசிகூட மற்றதில் இல்லை. 25 அம்பியர் என்று மேலே அச்சடித்திருந்தார்கள். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

கிண்ணியா லொறி எலக்ட்ரிக்:

நான் பின்போல் ஆள் இல்லை, லொறி வயரிங் செய்கிறவன். நிலாவெளியில் ஒரு ஹோட்டலுக்கு ஜெனரேட்டர் வேலைக்குப் போனபோது நானா ஒருவர் இந்த மெஷினோடு போராடிக்கொண்டிருந்தார். டிரான்சிஸ்டர் மாற்றிவிட்டார், ஆனால் கொயிலைத் திரும்பவும் இணைக்கப் பயம். இருந்த ஒரே கொயில் அதுதான்.

என் பெட்டியில் 24 வோல்ட் பல்ப் கிடந்தது. மூன்றைத் தொடராகக் கட்டி, கொயிலைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் மாட்டினோம். 50 வோல்ட் லைன் என்றார், அளந்தால் 70 கிட்ட இருந்தது. மெஷினைப் போட்டோம், பல்ப் எரியவில்லை. நானா பட்டனை அழுத்தினார், எரிந்தது. விட்டார், அணைந்தது. அவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! சோர்ட் என்றால் போட்டவுடனே எரிந்திருக்கும், கொயிலுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. பவர் பக்கம் என்றால் ஒரு கணம்தான் மின்னும், ஹோல்ட் பக்கம் அழுத்தி இருக்கும்வரை எரியும்.

சாம்பல்தீவு தாரகை:

கிண்ணியா அண்ணா, இந்த முறை எனக்கு முன்பே தெரிந்திருந்தால் என் வேலை எவ்வளவோ குறைந்திருக்கும்.

எங்களிடம் வந்த மெஷினில் ஹோல்ட் டிரான்சிஸ்டர் புதிது, மீற்றரில் அசல் அளவு. ஆனாலும் ஒருமுறை எழும்பிய பிளிப்பரைக் கொயில் விடவில்லை. எல்லோரும் "திரும்பவும் டிரான்சிஸ்டர்தான்" என்றார்கள். நான் பேஸ் காலை மட்டும் தூக்கிவிட்டுப் பார்த்தேன், கொயில் விட்டது. அப்படியென்றால் இது நல்ல டிரான்சிஸ்டர், பின்னால் இருந்து யாரோ "போடு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். முந்தியது சோர்ட் ஆனபோது பின்னால் இருந்து அதற்குக் கட்டளை கொடுக்கும் சின்ன பிரீ-டிரைவர் டிரான்சிஸ்டரையும் சேர்த்துக் கொண்டுபோயிருக்கிறது. அதை மாற்றியும் சரிவரவில்லை. அதற்கும் பின்னால் உள்ள, கட்டளையைப் பிடித்து வைக்கும் லட்ச் ஐசியும் போயிருந்தது. சங்கிலி முழுவதையும் பார்க்காமல் முன்னால் இருப்பதை மட்டும் மாற்றக்கூடாது. உப்புவெளி அண்ணா, நீங்கள் பிரீ-டிரைவரையும் பார்த்தீர்களா?

மட்டிக்களி 80:

உவர்மலை அண்ணா, தங்கப் பூச்சு விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. ஆனால் திருகோணமலையில் இன்னும் பழைய மெஷின்தான் அதிகம் வரும் என்று நினைக்கிறேன். புலம்பெயர்ந்தவர்கள் மலிவாகக் கிடைத்ததைத்தானே கொண்டு வருகிறார்கள். ஆகவே சுவிட்சை முதலில் பார்க்கச் சொன்னதை நான் விடமாட்டேன்.

உப்புவெளி வாசி:

தங்கச்சி, பிரீ-டிரைவரைக் கழற்றி அளந்தேன், நல்லது. லட்சும் சரி. டயோட் மட்டும்தான். கடற்காற்றில் நிற்கிற மெஷின் என்பதால் இடது பிளிப்பரின் இரண்டையும் சேர்த்து நாலுக்கும் புது 1என்4004 போட்டேன், கோடு போட்ட பக்கம் பிளஸ் வயருக்கு. கால்களைக் கொஞ்சம் வளைத்து விட்டு ஈயம் வைத்தேன், அதிர்வில் இழுபடக்கூடாது.

கொயில் அளவு உவர்மலை அண்ணா சொன்ன அதே எண்கள்தான், 4.2 உம் 145 உம். மெஷின் ஓடுகிறது. விடுதிக்காரருக்கு ஒரு வேலை சொல்லியிருக்கிறேன். மாரி தொடங்குவதற்கு முன் கொயில் காதுகள் எல்லாவற்றையும் குறட்டால் தொட்டுப் பார்க்க வேண்டும். பார்வையை மட்டும் நம்பக்கூடாது.

உவர்மலை எலக்ட்ரோனிக்ஸ்:

கனெக்டர் பின்களையும் பார்க்கச் சொல்லுங்கள். பச்சை பிடித்திருந்தால் பின்னையே மாற்ற வேண்டும், சுரண்டிவிட்டு விடக்கூடாது.