உணவுக்குழாய் கேன்சருக்கு ஹார்மோன் மாத்திரை இருக்கா?

மதுரைக்காரன்: அப்பாவுக்கு உணவுக்குழாய்ல கேன்சர், பயாப்சில ஸ்குவாமஸ்னு (உள்பக்கத் தட்டை செல்கள்ல வர்ற வகை) வந்திருக்கு. சித்திக்கு மார்பக கேன்சர்னப்போ ஹார்மோன் மாத்திரை குடுத்தாங்க, இதுக்கும் அப்படி உண்டா? ஆபரேஷன்னாலே அப்பா பயப்படுறாரு.

வேப்பமரம்: இல்ல ப்ரோ, மார்பகம், புராஸ்டேட் மாதிரி இதுக்கு ஹார்மோன் தெரபி வழக்கத்துல கிடையாது. வேற இடத்துக்கு பரவலன்னா கார்போபிளாட்டின், பாக்ளிடாக்சல்னு ரெண்டு கீமோ மருந்து வாரம் ஒருக்கா 5 வாரம், கூடவே ரேடியேஷன், அப்புறம் சர்ஜரி, ஸ்குவாமஸுக்கு இது நல்லாவே கேக்கும், கட்டி சுத்தமா கரைஞ்சிட்டா சிலருக்கு உடனே வெட்டாம எண்டோஸ்கோப் (கேமரா குழாய்) போட்டு கவனிக்கிறதும் உண்டு, டாக்டர்கிட்ட கேளுங்க.

நர்சக்கா: மெஜெஸ்ட்ரால்னு எழுதினா குழம்பாதீங்க தம்பி, ஹார்மோன் மருந்துதான், ஆனா பசிக்கு. ரத்தம் உறையுற ரிஸ்க்கும் இருக்கு. கஞ்சியாவது இறங்குதா? எடை கொறைஞ்சா ட்யூப் ஃபீடிங் பத்தி இப்பவே பேசிடுங்க.

மதுரைக்காரன்: கஞ்சி இறங்குதுக்கா. நாளைக்கு பெட் ஸ்கேன், வேற எங்கயும் பரவியிருக்கான்னு பாக்க.