இருமும்போது சிறுநீர்க் கசிவு: அறுவைச் சிகிச்சைக்கு முன் வேறு வழிகள் உண்டா?

கேள்வி (மயூர் விஹார், தில்லி)

எனக்கு வயது 47, இரண்டும் சுகப்பிரசவம். நவம்பர் மாதப் புகைமூட்டத்தில் தொடங்கும் இருமல் மார்ச் வரை விடுவதில்லை. இருமினாலும் தும்மினாலும், மெட்ரோ நிலையப் படிகளில் விரைந்து இறங்கினாலும் சிறுநீர் கசிந்துவிடுகிறது. எரிச்சலோ அடக்கமுடியாத அவசரமோ இல்லை. இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். மகளிர் மருத்துவர், சிறுநீர்க்குழாய்க்கு அடியில் டேப் என்னும் செயற்கை நாடாவைப் பொருத்திச் சரிசெய்யலாம் என்கிறார். வெளிநாடுகளில் மெஷ் என்னும் செயற்கை வலை தடைசெய்யப்பட்டதாகப் படித்ததிலிருந்து தயக்கமாக இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா? அதற்கு முன் முயலத்தக்கவை எவை?

பதில் 1 (பிசியோதெரபிஸ்ட், ராமகிருஷ்ணபுரம்)

முதலில் செய்யவேண்டியது, சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சி. 1948ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் எழுதிய இந்தப் பயிற்சியை, நம்மிடம் வரும் பெண்களில் பலர் தவறாகவே செய்கிறார்கள். வயிற்றையும் தொடையையும் இறுக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதையே பயிற்சி என்று நம்பிவிடுகிறார்கள். வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல் உள்ளிழுக்க வேண்டும், மூச்சு இயல்பாக இருக்க வேண்டும். ஒரு தடவைக்கு குறைந்தது 8 சுருக்கங்கள், நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம் என்பது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் (NICE) தரும் வழிகாட்டுதல். சரியான தசைதான் சுருங்குகிறதா என்பதைத் தொடக்கத்தில் ஒருவர் பரிசோதித்துச் சொல்வது மிகவும் உதவும். சிறுநீர் கழிக்கையில் நடுவே நிறுத்திப் பழகாதீர்கள். இருமல் வரப்போகிறது என்று தெரிந்ததும் அந்தத் தசையை முன்கூட்டியே இறுக்கிக்கொள்ளும் பழக்கத்தால் கசிவு குறைவதைப் பலர் சில வாரங்களிலேயே உணர்கிறார்கள்.

பதில் 2 (மகளிர் மருத்துவர், துவாரகா)

சகோதரி, டேப்பும் மெஷ் வகைப் பொருளால் ஆனதுதான். ஆனால் அமெரிக்காவில் 2019இல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது, கருப்பை, சிறுநீர்ப்பை இறக்கத்திற்காகப் பிறப்புறுப்பு வழியே வைக்கும் பெரிய மெஷ். கசிவுக்கான டேப் அதில் அடங்காது. பிரிட்டனில் 2018 ஜூலையில் டேப்பின் பயன்பாடும் நிறுத்திவைக்கப்பட்டது என்பதால் உங்கள் தயக்கம் காரணமற்றதன்று. டேப் பலருக்கு நல்ல பலன் தந்திருக்கிறது. எனினும் சிலருக்கு அது திசுவை அரித்து வெளிப்படுவதும் நாள்பட்ட வலியும் ஏற்படலாம், அப்போது முழுவதுமாக எடுப்பது கடினம். செயற்கைப் பொருள் வேண்டாமெனில், உங்கள் வயிற்றுச் சுவரின் திசுநாடாவைக் கொண்டே ஸ்லிங் என்னும் தாங்குபட்டை அமைக்கலாம். அல்லது சிறுநீர்ப்பைக் கழுத்தை மேலே தைத்து நிறுத்தும் பர்ச் முறை உண்டு. சிறுநீர்க்குழாயைச் சுற்றி ஊசி மூலம் நிரப்புப் பொருள் செலுத்துவது எளிது, ஆனால் அதன் பலன் காலப்போக்கில் குறையக்கூடும்.

எடை கூடுதலாக இருந்தால் சிறிதளவு குறைந்தாலே கசிவு குறையலாம். உங்கள் இரத்த அழுத்த மாத்திரையின் பெயர் என்ன? ராமிப்ரில், எனலாப்ரில் போன்றவை சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். தில்லிப் புகையின்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட வேண்டாம்.

பதில் 3 (கரோல்பாக்)

அறுவைச் சிகிச்சைக்கு மனம் ஒப்பாத நான், மருத்துவர் பொருத்திக் காட்டிய பெஸரி என்னும் சிலிக்கான் வளையத்தை நடைப்பயிற்சிக்குச் செல்லும்போது மட்டும் வைத்துக்கொள்கிறேன். கழற்றிக் கழுவப் பழகச் சற்று நாளாயிற்று.

கேட்டவர்

ராமிப்ரில்தான்! மாத்திரையை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்கிறேன், நானாக நிறுத்தமாட்டேன். பயிற்சியை மூன்று மாதம் முறையாகச் செய்துவிட்டு, பிறகே டேப்பைப் பற்றி முடிவெடுக்கிறேன்.