பிளஸ் டூ முடிச்சு ஜெர்மனியில் இளநிலை: கள்ளிடைக்குறிச்சி வீட்டை வச்சுக் கடன் கிடைக்குமா?

அம்பை_அரிசிக்கடை:
மகள் ஸ்டேட் போர்டு, கணிதம்–கணினி அறிவியல் பிரிவு. மார்ச்சில் பொதுத்தேர்வு. ஜெர்மனியில் கணினி அறிவியல் இளநிலை படிக்கணும்னு நிக்கா. கடையில வருஷத்துக்கு 6 லட்சம் போல வருமானம், மூணு வருஷமா வருமானவரிக் கணக்கு தாக்கல் பண்ணியிருக்கு. கள்ளிடைக்குறிச்சியில் வீடு ஒண்ணு, எங்க அப்பா பேரில் நத்தம் பட்டா. அப்பா இப்போ இல்லை. ஒன்றரை ஏக்கர் நஞ்சை கூட்டுப் பட்டாவில் கிடக்கு. வண்ணார்பேட்டையில் ஒரு கன்சல்டன்சி, 'ஃபீஸே கிடையாது, எல்லாம் ஃப்ரீ, எங்களுக்கு மட்டும் ஒண்ணே முக்கால் லட்சம்'னு சொல்லுதாங்க. ஃப்ரீன்னா உண்மையில் எவ்வளவு ஆகும்? எந்தச் சொத்தை வச்சுக் கடன் வாங்கலாம்? எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

பாளை_பேரேடு:
ஃப்ரீ என்பது படிப்புக் கட்டணம் மட்டும்தான் அண்ணாச்சி. அதுகூட எல்லா இடத்திலும் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. சாப்பாடு, வாடகை, காப்பீடு எல்லாம் நம்ம பொறுப்பு. அதைக் காட்டத்தான் விசாவுக்கு முன்னால் முடக்கப்பட்ட கணக்கு ஒண்ணு திறந்து, ஒரு வருஷத்துக்கு 11,904 யூரோ போடச் சொல்லுதாங்க. அங்கே போனதும் மாசம் 992 யூரோதான் கைக்கு வரும், மொத்தமா எடுக்க முடியாது. யூரோவை நூறு ரூபாய்னு வச்சாலே வருஷத்துக்கு ஏறத்தாழ 12 லட்சம். பட்டத்துக்கு முன்னால் அங்கேயே ஆயத்த வகுப்பு ஒரு வருஷம், பட்டம் மூணு வருஷம், ஆக 48 லட்சம் பக்கம். முதல் வருஷத்தை மட்டும் பாத்துட்டு இறங்குறவங்கதான் ரெண்டாம் வருஷம் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போது முழிக்காங்க. அங்கேயும் பணத்தைக் காட்டணும்.

இனி சொத்து. நஞ்சையை மறந்துருங்க. கடன் திரும்பலைன்னா வங்கி நீதிமன்றம் போகாமலே சொத்தை எடுக்க வழி செய்யுற சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால்தான் தாமிரபரணிப் பாசன நிலமே ஆனாலும் கல்விக்கடனுக்கு மேலாளர் கையை விரிப்பார். வீடுதான் வழி.

ஆனா உங்க வீடு இப்போ இருக்கிற நிலையில் வங்கி வக்கீல் கையெழுத்துப் போட மாட்டார். பட்டா இறந்தவர் பேரில் இருக்கு. முதல் வேலையா தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்று. அதில் உங்க கூடப் பிறந்தவங்க அத்தனை பேரும் வருவாங்க, கட்டிக் கொடுத்த அக்கா தங்கச்சியும் சேர்த்துத்தான். அவங்க பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம், இல்லைன்னா பாகப்பிரிவினைப் பத்திரம், சார் பதிவாளர் ஆபீஸில் பதிவாகணும். 'வாயால பேசி முடிச்சாச்சு'ங்கிறது வங்கியில் செல்லாது. அதுக்கப்புறம் பட்டா மாறுதல், வில்லங்கச் சான்று, நில வரைபடம், வீட்டு வரி ரசீது. கையில் இருக்கிறது தோராயப் பட்டாவா தூய பட்டாவான்னு இன்னைக்கே எடுத்துப் பாருங்க. தோராயம்னா தற்காலிகப் பட்டா, தூய பட்டாதான் இறுதி. தோராயமா இருந்தா அதுவே தனி வேலை. நத்தம் வீடு கைமாறாமலே இருந்தா வில்லங்கத்தில் ஒண்ணும் வராது, மூலப்பத்திரமும் இருக்காது. அந்த நேரத்தில் நீங்க இப்போ பதியப்போற பத்திரம்தான் வக்கீலுக்குப் பிடிமானம். கூடப்பிறந்தவங்க ஒருத்தர் மும்பையிலோ துபாயிலோ இருந்தா இந்த வேலை மாசக்கணக்கில் இழுக்கும். ஜெர்மன் படிப்பை மகள் பாத்துக்கிடட்டும், நீங்க இதை இந்த வாரமே தொடங்குங்க.

கடன் விதி சுருக்கமா: 4 லட்சம் வரை ஈடு வேண்டாம், ஏழரை லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன் கேக்கலாம், அதுக்கு மேல் சொத்து ஈடு. வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவிகிதம் நம்ம கைப்பணம், அதாவது 12 லட்சத்துக்கு 1.8 லட்சம். வித்யா லட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பேர் ஒத்துவருதேன்னு பிஎம்-வித்யாலட்சுமியில் போய் நிக்காதீங்க, அது இந்தியாவில் உள்ள கல்லூரிகளுக்கு மட்டும். படிக்கிற காலமும் அதுக்குப் பின் ஒரு வருஷமும் தவணை கிடையாது, ஆனா தனிவட்டி ஓடிக்கிட்டே இருக்கும். 10 லட்சத்துக்கு 10 சதவிகிதம்னு வைங்க, மாசம் 8,300 ரூபாய் வட்டி. நாலாம் வருஷம் கடன் 40 லட்சத்தைத் தொடும்போது அதுவே மாசம் 33,000. கடை வருமானம் மாசம் 50,000-ன்னா இந்த எண்ணை வீட்டில் உக்காந்து பேசிட்டுத்தான் கையெழுத்துப் போடணும். படிக்கும்போதே வட்டியைக் கட்டிவந்தா ஒரு சதவிகிதம் தள்ளுபடி தர்ற வங்கி உண்டு. பெண் பிள்ளைக்கு அரை சதவிகிதச் சலுகையும் உண்டு. ரெண்டையும் வாய்விட்டுக் கேட்டால்தான் தருவாங்க.

டாய்ச்_வாத்தி:
பணக் கணக்கு மேலே வந்துருச்சு. நான் சேர்க்கை பத்தி மட்டும் சொல்லுதேன்.

ஜெர்மனியில் பள்ளிப்படிப்பு நம்மளைவிட நீளம்னு அவங்க கணக்கு. அதனால் நம்ம பிளஸ் டூவோடு நேரா முதலாம் ஆண்டில் சேர முடியாது. மூணு வாசல் இருக்கு. ஒண்ணு, ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறினா தொழில்நுட்பப் பாடங்களுக்கு நேரடி அனுமதி. ரெண்டு, இங்கே அங்கீகாரம் உள்ள பல்கலையில் அதே துறையில் ஒரு வருஷம் அரியர் இல்லாம முடிச்சா, பொதுவா அந்தத் துறைக்கு மட்டும் நேரடி அனுமதி. மூணு, ஸ்டூடியன்கொலெக் என்கிற ஆயத்த வகுப்பு, ரெண்டு பருவம். கணினி அறிவியலுக்கு அதில் டி-கூர்ஸ் என்கிற தொழில்நுட்பப் பிரிவு. கடைசியில் தகுதித் தேர்வு. தோத்தா ஒரே ஒரு தடவைதான் மறுபடி எழுதலாம். ஆங்கிலத்தில் நடக்கிற படிப்புன்னா இதெல்லாம் வேண்டாம்னு சொல்லுறதை நம்பாதீங்க. மொழி வேற, தகுதி வேற.

ஸ்டூடியன்கொலெக்குக்கே நுழைவுத் தேர்வு உண்டு. கணக்குத் தாள் நம்ம பிள்ளைகளுக்குப் பெரிய பாடு இல்லை, கால்குலேட்டர் பெரும்பாலும் கிடையாது என்பதை மட்டும் பழகிக்கிடணும். ஆளைச் சாய்க்கிறது ஜெர்மன் தாள்தான். சி-டெஸ்ட்னு ஒண்ணு: ஒரு பத்தியில் ஒண்ணுவிட்டு ஒரு சொல்லின் பின்பாதியை அழிச்சிருப்பாங்க. தமிழில் 'அவன் கடை— போய் அரி— வாங்கி வந்—' என்று கொடுத்தா நாம யோசிக்காம நிரப்புவோம்ல, அதை ஜெர்மனில் செய்யணும். சொல் தெரிஞ்சா மட்டும் போதாது, வேற்றுமை விகுதி சரியா விழணும். சான்றிதழுக்காக மாதிரி வினாத்தாளை மட்டும் உருப்போட்டவங்க இங்கேதான் விழுதாங்க.

கால அளவு பாருங்க. ஜெர்மன் மொழியில் பி1 என்கிற இடைநிலைக்கு 45 நிமிஷ வகுப்பு 350-லிருந்து 650 வரை ஆகும்னு, ஜெர்மன் சொல்லிக்கொடுத்துத் தேர்வு நடத்துற கோத்தே நிறுவனமே சொல்லுது. நிறைய இடத்தில் அதுக்கு அடுத்த நிலையான பி2 கேக்காங்க. பொதுத்தேர்வையும் வச்சுக்கிட்டு இந்த வருஷமே இதை முடிக்க முடியாது. தேர்வு எழுதச் சென்னைக்குத்தான் போகணும்னும் இல்லை. திருவனந்தபுரத்தில் கோத்தே சென்ட்ரம் இருக்கு, நமக்கு அது பக்கம்.

அதனால் நான் சொல்லுற வழி ரெண்டாவது வாசல். மே மாசம் ரிசல்ட் வந்ததும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கு உட்பட்ட கல்லூரி ஒண்ணில் பிஎஸ்சி கணினி அறிவியல் சேர்த்துவிடுங்க. சாயங்காலம் ஜெர்மன். அடுத்த வருஷம் ஒரு முழு வருஷ மதிப்பெண்ணோடு விண்ணப்பிச்சா ஸ்டூடியன்கொலெக் வருஷமே மிச்சம், அதாவது 12 லட்சம் மிச்சம். அனுமதி கிடைக்கலைன்னாலும் இங்கே ரெண்டாம் வருஷம் தொடரலாம், எதுவும் வீண் போகாது. கட்டாயம் செய்யவேண்டியது, அனாபின் என்கிற ஜெர்மன் தரவுத்தளத்தில் அந்தப் பல்கலையின் பேரைத் தேடி ஹெச்-பிளஸ், அதாவது அங்கீகாரம் உள்ளது என்று இருக்கான்னு பாக்கணும். கணினி அறிவியலுக்குப் பதில் வணிகவியல் சேர்ந்தா அந்த வருஷம் செல்லாது.

விண்ணப்பச் செலவு பெருசில்லை. நம்ம சான்றிதழ்களை ஜெர்மன் தரப்பு சரிபார்த்துத் தர்ற ஏபிஎஸ் சான்று 18,000 ரூபாய். அது 2022 நவம்பரிலிருந்து கட்டாயம், அது இல்லாம விசா இல்லை. பல பல்கலைகளுக்கு விண்ணப்பங்களை வாங்கிப் பரிசீலிக்கிற யூனி-அசிஸ்ட் வழியா போட்டா முதல் விண்ணப்பம் 75 யூரோ, அடுத்து ஒவ்வொண்ணுக்கும் 30. ஆக அஞ்சு இடத்துக்கு 195 யூரோ. விசாவுக்கு 75 யூரோ. குளிர்காலப் பருவத்துக்குப் பொதுவா ஜூலை 15 கடைசித் தேதி, ஏபிஎஸ் வர வாரக்கணக்கில் ஆகும். மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்த அன்னைக்கே ஏபிஎஸ்ஸைப் போட்டுரணும். விசா மறுத்தா முன்னே மாதிரி ஆட்சேபக் கடிதம் எழுத முடியாது, 2025 ஜூலையோடு அதை எடுத்துட்டாங்க. திரும்ப முதலிலிருந்து விண்ணப்பிக்கணும், இல்லைன்னா ஜெர்மன் நீதிமன்றம்.

மேலே கூட்டிப் பாருங்க, அந்த ஒண்ணே முக்கால் லட்சம் எதுக்குன்னு. அரசுப் பல்கலைகள் முகவருக்குக் கமிஷன் தராது. தர்றது பெரும்பாலும் தனியார் பல்கலைகள்தான். ஃப்ரீன்னு தொடங்கின பேச்சு கடைசியில் கட்டணம் வாங்குற தனியார் பல்கலையில் முடிஞ்சா அதுதான் காரணம்.

குற்றாலச்_சாரல்:
உதவித்தொகை பத்தி யாரும் சொல்லலை. இளநிலைக்கு நம்ம அரசுகளின் வெளிநாட்டு உதவித்தொகையை நம்பாதீங்க. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலகத் திட்டமும் முதுநிலை, முனைவர் பட்டத்துக்குத்தான். இளநிலைக்கு முழுசாத் தர்றது அந்தந்த நாடுகள்தான். ஜப்பானின் மெக்ஸ்ட்: கட்டணம் இல்லை, மாசம் 1,17,000 யென், போக வர விமானச் செலவு, முதல் வருஷம் ஜப்பானிய மொழி. தூதரகம் வழியா விண்ணப்பம், கணிதம், ஆங்கிலம், அறிவியலில் எழுத்துத் தேர்வு. இந்தியாவிலிருந்து எடுக்கிறது சில பேரைத்தான், ஆனா கணக்கில் கெட்டியான பிள்ளைன்னா எழுதிப் பாக்கலாம். ஹங்கேரியின் 'ஸ்டிபென்டியம் ஹங்காரிகம்' உதவித்தொகையிலும் கட்டணம் இல்லை, விடுதி உண்டு, மாசம் 43,700 ஃபோரிண்ட். அந்தக் காசு மட்டும் சாப்பாட்டுக்குப் பத்தாது. அதில் நம்ம ஆட்கள் கோட்டை விடுறது ஒரே இடத்தில்: ஹங்கேரியின் தளத்தில் மட்டும் பதிஞ்சிட்டு, நம்ம கல்வி அமைச்சகத்தின் தளத்தில் தனியாப் பதிய மறந்துருவாங்க. ரெண்டும் இருந்தால்தான் விண்ணப்பம் நிக்கும்.

அம்பை_அரிசிக்கடை:
ரொம்ப நன்றி. பட்டாவை எடுத்துப் பாத்தேன், தோராயம்தான். தாலுகா ஆபீஸுக்கு நாளைக்கே போறேன். இன்னொண்ணு: மகளுக்குப் பாஸ்போர்ட் இன்னும் எடுக்கலை. பத்தாம் வகுப்புச் சான்றில் பேரோடு இனிஷியல்தான் இருக்கு. அப்படியே எடுத்துரலாமா?

டாய்ச்_வாத்தி:
எடுக்கப்படாது. இது சின்ன விஷயமாத் தெரியும், பின்னால் ஒவ்வொரு மேசையிலும் கேள்வி வரும். உதாரணத்துக்கு, சான்றில் 'எம். இசக்கியம்மாள்'னு இருக்குன்னு வைங்க. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியா விட்டா, ஜெர்மன் படிவங்களில் ரெண்டு கட்டமும் கட்டாயம்ங்கிறதால ஆளுக்கொரு விதமா நிரப்புவாங்க. அமெரிக்க விசாவில் அதே ஆளுக்கு முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு, அதாவது 'முதல் பெயர் தெரியவில்லை' என்று விழும். குடும்பப்பெயர்க் கட்டத்தில் அப்பா பேரை முழுசாப் போட்டு, கொடுத்த பெயர்க் கட்டத்தில் மகள் பேர். மொழித் தேர்வு, ஏபிஎஸ், யூனி-அசிஸ்ட், வங்கி எல்லாத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டல். சான்றில் உள்ள 'எம்' பாஸ்போர்ட்டில் விரிஞ்சிருக்கிற பேரோடு ஒத்துப்போகணும். எழுத்தே மாறினா நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் ஒண்ணு கூடவே அலையும்.

15 வயசு தாண்டி 18 ஆகாதவங்க பத்து வருஷப் பாஸ்போர்ட்டே கேட்டு வாங்கலாம், 1,500 ரூபாய். சிறார் பாஸ்போர்ட்டை எடுத்துட்டு 18 முடிஞ்சதும் விசா நேரத்தில் திரும்பப் போய் நிக்காதீங்க. திருநெல்வேலி சேவா கேந்திராவிலேயே முடியும்.

பாளை_பேரேடு:
கடன் அனுமதிக் கடிதம் வரும்போது ஒரு வரி பாத்துக்கிடுங்க. படிப்புக் கட்டணம் இல்லாத இடத்துக்குக் கடன் கொடுத்துப் பழகாத கிளையில், 'பணம் பல்கலைக்கழகக் கணக்குக்கு மட்டும் விடுவிக்கப்படும்'னு வழக்கமான வாசகத்தையே அடிச்சிருப்பாங்க. பல்கலைக்கு நீங்க கட்டவேண்டியது பருவக் கட்டணம் கொஞ்சம்தான். மீதி முழுக்க முடக்கப்பட்ட கணக்குக்குப் போகணும். அந்தக் கணக்கை நடத்துற நிறுவனத்தின் பேர், வாழ்க்கைச் செலவு வருஷத்துக்கு 11,904 யூரோ, ரெண்டும் கடிதத்திலேயே வரணும். இல்லைன்னா அனுமதி ஆன பிறகும் பணம் கிளம்பாது, விசா தேதி போயிரும். கடன் கணக்கிலிருந்தே அனுப்பினா, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே பிடிக்கிற வரியான டிசிஎஸ் கிடையாது. கைப்பணம்னா நிதியாண்டுக்கு 10 லட்சம் தாண்டின தொகைக்குப் பிடிப்பாங்க, கணக்குத் தாக்கல் பண்ணும்போது அதைக் கழிச்சுக்கிடலாம். பாகப்பிரிவினை பதிஞ்சு பட்டா மாறினதும் இங்கேயே எழுதுங்க, வக்கீல் கேக்குற காகிதம் ஒவ்வொண்ணாப் பாத்துரலாம்.