பழைய ஜீப்பின் கருவிப் பெட்டி: ‘லெஃப்ட் த்ரெட்’டுக்கு நிகரான சொல் வேண்டும்

உதகை, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

குழுவினர்க்கு வணக்கம். பழைய வில்லிஸ் வகை ஜீப்பில் எப்போதும் இருக்க வேண்டிய கருவிகளைப் பற்றி மாணவர்களுக்காக ஒரு கையேடு தொகுத்து வருகிறேன். அது வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். திருப்புளி, குறடு, ஜாக்கி ஆகியவற்றில் சிக்கலில்லை. ஸ்பானரை அப்படியே வைத்து, அங்குல அளவு, மில்லிமீட்டர் அளவு என்று இரு தொகுதியாகப் பிரித்திருக்கிறேன். வில்லிஸ் போல்ட்டுகள் அங்குல அளவின. பெஜோ டீசல் எஞ்சின் பூட்டிய மஹிந்திரா வண்டிகளில் எஞ்சினுக்கு மில்லிமீட்டர் ஸ்பானர் வேண்டும். ½ அங்குலம் என்பது 12.7 மி.மீ. ஆதலால், 13 எண் ஸ்பானரைப் போட்டு அழுத்தினால் போல்ட்டின் தலை மழுங்கிவிடும்.

சிக்கல் சக்கர நட்டில்தான். பழைய வில்லிஸ் ஜீப்பின் இடப்பக்கச் சக்கரங்களில் மரை, அதாவது நட்டு திருகிச் செல்லும் சுருள்வரி, எதிர்த்திசையில் ஓடும். அதை அறியாதவர் ஸ்பானரில் நீளக் குழாயை மாட்டி வழக்கமான திசையில் அழுத்தினால், நட்டு மேலும் இறுகி, அது பூட்டியிருக்கும் மரைக்கம்பியான ஸ்டட் முறிந்துவிடும். பட்டறையில் ‘லெஃப்ட் த்ரெட்’ என்பார்கள். ‘இடம்புரி மரை’ என்று எழுதலாமா?

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மிகப் பொருத்தமான சொல். புரி என்பது முறுக்கு. முப்புரிநூல் என்பதிலும் கயிற்றின் புரி என்பதிலும் அதே பொருள்தான். முல்லைப்பாட்டின் தொடக்கத்திலேயே திருமாலின் கையில் வலம்புரி இருக்கிறது. இத்தனை பழமையான வேர் இருக்கும்போது நட்டு, போல்ட்டு என்ற சொற்களை ஏன் சுமக்க வேண்டும்? நட்டைச் சுரை என்றே எழுதுங்கள். திருப்பு, உளி இரண்டும் புணர்ந்து, ஈற்று உகரம் கெட்டுத் திருப்புளி ஆனதை மக்கள் ஏற்றுக்கொள்ளவில்லையா?

தூத்துக்குடி உறுப்பினர்:

ஐயா மன்னிக்க வேண்டும், இந்தச் சொல் ஆபத்தானது. சங்கு குளிக்கும் கடற்கரையில் வளர்ந்தவன் என்பதால் சொல்கிறேன். எங்கும் கிடைக்கும் சாதாரணச் சங்கைத்தான் நாம் இடம்புரி என்கிறோம். ஆனால் அதன் முறுக்கு வழக்கமான போல்ட்டின் மரை செல்லும் திசையிலேயே செல்கிறது. அரிதான வலம்புரியோ உயிரியலார் கணக்கில் இடப்பக்கம் முறுக்கியது. அவர்கள் சங்கின் உச்சியை மேலாகப் பிடித்து வாய் எந்தப் பக்கம் இருக்கிறதென்று பார்க்கிறார்கள். நம் மரபில் உச்சியைக் கீழாகப் பிடிப்பதால் வாய் எதிர்ப்பக்கம் தெரிகிறது. ஆனால் முறுக்கின் திசை, எப்படிப் பிடித்தாலும் மாறாது. ஆகவே சங்கை வைத்துப் பெயரிட்டால் ஜீப்பின் இடப்பக்க நட்டு வலம்புரி ஆகிவிடும்! பாடநூல்களில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையைக் குறிக்கும் ‘இடஞ்சுழி’யை எடுத்து ‘இடஞ்சுழி மரை’ எனலாம்; அதை இறுக்குவது இடஞ்சுழியாகத்தானே?

மதுரை, தமிழாசிரியர்:

காவிரி வலமாகச் சுழித்த இடத்துக்குத் திருவலஞ்சுழி என்று பெயரிட்ட மரபு நம்முடையது. சுழி என்ற சொல்லில் எனக்குத் தடையில்லை. ஆனால் இடம்புரி என்ற சொல்லைக் கேட்டதும் சங்கின் வாயை அளந்து பார்ப்பவர் எவரும் இல்லை.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

கையேட்டைப் புரட்டப்போகிறவர் மழையில், சாலையோரத்தில், ஸ்பானருடன் நிற்பவர். இடஞ்சுழி என்று படித்ததும் இடப்பக்கமாகக் கழற்ற வேண்டும் என்றே எண்ணிக்கொள்வார். ஸ்டட் முறிவதும் அப்படித்தான். எந்தச் சொல்லை வைத்தாலும் திசையைத் தனியாக எழுதியே தீர வேண்டும். என் பரிந்துரை ‘இடமரை’. பட்டறைச் சொல்லுக்கு நேர் நிகராக இருக்கிறது, மரை என்பதையும் மெக்கானிக்குகள் அறிவார்கள்.

உதகை, ஆசிரியர்:

நால்வருக்கு மேல் ‘இடமரை’யை ஆதரித்துத் தனிமடல் எழுதியிருப்பதால் அதையே அச்சுக்குக் கொடுக்கிறேன். முதன்முறை வருமிடத்தில் லெஃப்ட் த்ரெட் என்பதையும் சேர்த்து, அடுத்த வரியிலேயே ‘கழற்ற வலப்பக்கம் திருப்புக’ என்று தடித்த எழுத்தில் போடுகிறேன். நட்டு நட்டாகவே இருக்கும்.

மதுரை, தமிழாசிரியர்:

சுரையைக் கைவிட்டதை நான் ஏற்கவில்லை. அடுத்த பதிப்பின்போது மீண்டும் எழுதுவேன். இப்போதைக்கு ஒரு வேண்டுகோள்: பேச்சுவழக்கைப் பார்த்து எந்த இடத்திலும் ‘மறை’ என்று வல்லின றகரம் இட்டு அச்சிட வேண்டாம். அது வேதத்தையும் மறைத்தலையும் குறிக்கும் சொல். மெய்ப்பை எனக்கு அனுப்பினால் நாளை இரவுக்குள் பார்த்துத் தருகிறேன்.