புதுப்பிப்பு: ஆர்டிஎக்ஸ் 4080 லேப்டொப், சோலார் இன்வேர்ட்டரில் ஓடுகிறது

கிளிநொச்சியில் கல்யாண வீடியோ, பிளெண்டர் (முப்பரிமாணக் காட்சி செய்யும் மென்பொருள்) வேலை செய்ய என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4080 கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டொப்பா 4090 உள்ள லேப்டொப்பா வாங்குவது, பகலில் சோலார் இன்வேர்ட்டர் தாங்குமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

4080 வாங்கினேன். இரண்டு சிப்புக்கும் உச்சம் 150 வாட், டைனமிக் பூஸ்டோடு (சிபியு பயன்படுத்தாத வாட்டைச் சிப்புக்குத் தரும் வசதி) 175 வாட். 4090இல் கூடுதலாகக் கிடைப்பது கணக்குப் போடும் கோர்களும் 12க்குப் பதில் 16 ஜிபி நினைவகமும். என் காட்சிகளுக்கு 12 போதும்.

முதல் நாளே இன்வேர்ட்டர் கத்தியது. ரெண்டர் (காட்சியை இறுதிப் படமாக்கும் வேலை) ஓடும்போது சுவர் பிளக்கில் மீட்டர் 240 வாட் காட்டியது. என்விடியா-எஸ்எம்ஐ என்ற, சிப்பைக் கட்டுப்படுத்தும் கட்டளையால் வாட்டைக் குறைக்கப் பார்த்தேன், இந்த லேப்டொப்பில் அது அனுமதி தரவில்லை. கடைசியில் கைகொடுத்தது பதில் எழுதிய வவுனியா அண்ணா சொன்ன வழிதான்: சிப்பின் அமைப்பை மாற்றும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் வோல்டேஜ் வளைகோட்டை 800 மில்லிவோல்டுக்கு மேல் தட்டையாக்குவது, அதாவது வோல்டேஜ் அதற்கு மேல் ஏறாமல் தடுப்பது. இப்போது மீட்டரில் 165 வாட். 40 நிமிட ரெண்டர் 43 நிமிடமானது, அவ்வளவுதான். மூன்று நிமிடத்துக்காக 75 வாட் எரித்திருக்கிறேன்!

எதிர்பாராதது ஒன்று: கரண்ட் போய் லேப்டொப் தன் பேட்டரிக்கு மாறியதும் வேகம் பாதிக்கும் கீழே விழுந்தது. பழுது என்று பயந்துவிட்டேன். பேட்டரியால் அவ்வளவு வாட் தர முடியாததால் லேப்டொப்பே சிப்பைக் கட்டுப்படுத்துகிறது. அதனால் ரெண்டர் என்றால் பிளக்கில் மட்டும்.

வாங்கப் போகிறவர்கள் சிப்பின் பெயரோடு அந்த மாடல் அதற்கு எத்தனை வாட் விடுகிறது என்பதையும் கடையில் கட்டாயம் கேளுங்கள். ஒரே 4080, 60 வாட்டிலும் விற்கிறார்கள்.