எஸ்.எஸ். 304: ஸ்பீடைக் குறைக்கலாம், ஃபீடைக் குறைக்காதீர்கள்

பெங்களூரு பீனியா தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த ஜாப் ஷாப்பில் (ஆர்டருக்கு உதிரிபாகம் செய்து தரும் பட்டறை) பாதிப் பேர் நம்மாட்கள்தான். ஐ.டி.ஐ. முடித்துத் தருமபுரியிலிருந்து வந்த ஒரு பையனுக்கு எஸ்.எஸ். 304 (ஒரு வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஃபிளாஞ்சில், அதாவது குழாய்களை இணைக்கும் வளையத் தகட்டில், 10 மி.மீ. துளை போடும் வேலை வந்தது. ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டிரில். எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ஓட்டிய 900 ஆர்.பி.எம்.மிலேயே (நிமிடத்துக்கு 900 சுற்று) மெஷினை விட்டிருந்தார்கள், அவனும் மாற்றவில்லை.

கீச்சென்று சத்தம் வந்ததும் பயந்துபோய்க் கைப்பிடியைத் தொட்டுத் தொட்டு இறக்கினான். மெதுவாகப் போனால் டிரில் தப்பிக்கும் என்ற நினைப்பு. 304-இடம் அது பலிக்காது. வெட்டாமல் உரசினால் அந்த இடம் இறுகிவிடும், அப்புறம் டிரில் உள்ளே இறங்கவே இறங்காது. எடுத்துப் பார்த்தால் துளையின் அடி பளபளவென்று இருந்தது, டிரில் முனை நீலமாகியிருந்தது.

டூல் ரூமிலிருந்த சேலத்து அண்ணன் வந்து, சாக்பீஸால் கியர்பாக்ஸ் மூடியிலேயே எழுதினார். "1000-ஐ பையால, அதான் 3.14-ஆல, வகுத்தா 318. அதை மட்டும் மனசுல வச்சுக்க தம்பி. கட்டிங் ஸ்பீடால பெருக்கு, விட்டத்தால வகு."

304-க்கு ஹெச்.எஸ்.எஸ். என்றால் கட்டிங் ஸ்பீடை, அதாவது டிரில்லின் வெளி விளிம்பு ஓடும் வேகத்தை, நிமிடத்துக்கு 15 மீட்டர் வைக்கலாம். 318 × 15 ÷ 10 = 477 ஆர்.பி.எம். மெஷினில் அதற்குப் பக்கத்தில் இருந்தது 450. பையன் ஓட்டிய 900-க்குக் கணக்குப் போட்டால் 28 மீட்டர் வருகிறது. எம்.எஸ்.ஸுக்குச் சரி, இதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஸ்பீடைப் பாதியாக்கியவர் ஃபீடில் (ஒரு சுற்றுக்கு டிரில் உள்ளே இறங்கும் அளவு) மட்டும் இறங்கி வரவில்லை. வேறு டிரில் மாட்டி, சுற்றுக்கு 0.12 மி.மீ. ஆட்டோ ஃபீட் போட்டார். 450 × 0.12, அதாவது நிமிடத்துக்கு 54 மி.மீ.

"உடைஞ்சிடும்ணே!"

"உரசினாத்தான்டா போகும். வெட்ட விடு."

கூலண்டைத் தாராளமாகத் திறந்துவிட்டதும் டிரில்லின் இரண்டு பக்கமும் சீவல் சுருள் சுருளாக வந்தது. சத்தமே மாறிவிட்டது. இறுகிப்போன அந்த முதல் துளையைக் கடைசியில் கார்பைடு டிரில் போட்டுத்தான் எடுத்தோம்.

சி.என்.சி. (கணினி வழி ஓடும்) லேத்தில் இருப்பவர்களுக்கும் இதே 318 உதவும். ஜாபின் முகப்பைச் சீவும் ஃபேசிங்கில் விட்டம் குறையக் குறைய ஆர்.பி.எம். ஏற வேண்டும். புரோகிராமில் ஜி96 என்ற கட்டளை அதைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் நடுவுக்குப் போகும்போது விட்டம் பூஜ்யம், கணக்குப்படி ஆர்.பி.எம்.முக்கு எல்லையே கிடையாது. அதனால் ஜி50 கட்டளையில் உச்ச வேகத்தைக் கட்டிவிட்டு ஓட்டுங்கள், அதுவும் ஜாபைப் பிடிக்கும் பெரிய சக்கில் கனமான ஜாப் இருந்தால் கட்டாயம்.