பிக்கப்பின் மைலேஜைத் தின்றது கம்பிக் கூண்டா, தொப்பூர் ஏற்றமா?

ராயக்கோட்டை வண்டிக்காரர்:
ராயக்கோட்டையிலிருந்து சேலத்துக்குத் தக்காளி ஏற்றுகிறேன். சித்திரையில் பின்பக்கம் உயரமாகக் கம்பிக் கூண்டு கட்டித் தார்ப்பாய் போட்டேன். டயரையும் 215/75 ஆர் 15-இலிருந்து 235/75 ஆர் 15-க்கு மாற்றினேன். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 11-தான் தருகிறது. காலியாகத் திரும்பும்போதும் டீசல் வேகமாக இறங்குகிறது. எதைக் கழற்றுவது?

பாலக்கோடு மெக்கானிக்:
கூண்டைக் கழற்றுங்கள். கேபினுக்கு மேலே நிற்கும் ஒவ்வோர் அடியும் காற்றோடு மல்லுக்கட்டுகிறது. 60-இல் போகும் வண்டியை 80-க்கு விரட்டினால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய 78 சதவீதம் கூடும். தார்ப்பாயின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். கயிறு உரசி நைந்திருந்தால் வழியெல்லாம் படபடவென்று அடித்திருக்கிறது. அதற்கும் டீசல்தான் செலவு.

தருமபுரி ஓட்டுநர்:
ஏற்க மாட்டேன். சேலம் போகும்போது தொப்பூர் இறக்கம், திரும்பும்போது ஏற்றம். காலி வண்டியானாலும் கணவாய் ஏறினால் டீசல் குடிக்கத்தான் செய்யும்.

பாலக்கோடு மெக்கானிக்:
அண்ணா, சித்திரைக்கு முன்பும் தொப்பூர் அங்கேதானே இருந்தது? அப்போது 14 எப்படி வந்தது?

தருமபுரி ஓட்டுநர்:
நியாயமான கேள்வி. ஆனால் 11 என்ற கணக்கே தவறு. புது டயரின் விட்டம் 4 சதவீதத்துக்கு மேல் பெரியது. மீட்டர் 100 காட்டும்போது வண்டி 104 கிலோமீட்டர் ஓடியிருக்கும். அப்படியென்றால் உண்மையில் கிடைப்பது பதினொன்றரை. கூண்டு கட்டியபின் எத்தனை பெட்டி கூடுதலாக ஏறுகிறது? பெட்டிக்கு எவ்வளவு டீசல் என்று பாருங்கள் தம்பி.

பாலக்கோடு மெக்கானிக்:
பெட்டிக் கணக்கு பேசினால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடையையும் பேச வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை நம் விருப்பத்துக்கு மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. சரி, பதினொன்றரை என்றே வைத்துக்கொள்வோம். மீதி இரண்டரை எங்கே போனது? தொப்பூர் மேல் அதைப் போட முடியாது.

ராயக்கோட்டை வண்டிக்காரர்:
30 பெட்டி கூடுதலாக ஏறுகிறது. எடை மேடையில் ஒருமுறைகூட நிறுத்திப் பார்க்கவில்லை, அது என் தவறு. ஞாயிற்றுக்கிழமை கூண்டை மட்டும் கழற்றுகிறேன்; டயர் அப்படியே இருக்கட்டும். ஒரே பங்க்கில் டேங்கை நிரப்பி மூன்று நடை ஓட்டிவிட்டு எழுதுகிறேன்.

தருமபுரி ஓட்டுநர்:
பழைய வேகத்திலேயே ஓட்டுங்கள், திரும்பும் நடையைத் தனியாகக் குறியுங்கள். காலி வண்டியில் மைலேஜ் கூடினால் ஒப்புக்கொள்கிறேன்.